நின்றால் நடுங்குகிறது, ஓடினால் சரியாகிவிடுகிறது: ஒரு பழைய பெட்ரோல் வண்டியின் கதை

வேலூர் பக்கம் அணைக்கட்டு என்ற ஊரில் எங்கள் மாமாவிடம் ஒரு பழைய பெட்ரோல் பிக்கப் இருக்கிறது. ஜீப்பில் வருமே அதே நாலு சிலிண்டர் இன்ஜின், 2199 சிசி. இரண்டு சீட்டுக்கு நடுவில் இருக்கும் மூடியைத் தூக்கினால் இன்ஜின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். தேங்காய், வைக்கோல், செவ்வாய்க்கிழமையானால் பொய்கைச் சந்தைக்குக் கன்றுக்குட்டி, எல்லாம் அதில்தான் போகும். போன கோடையில் அதற்கு ஒரு கோளாறு வந்தது. இன்ஜினை அணைக்காமல் வண்டியை நிறுத்தினால் இன்ஜின் நடுங்கும், கியர் தண்டு படபடவென்று ஆடும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அணைந்துவிடும், நடுநடுவே கார்புரேட்டர் வழியாக 'டுப்' என்று தும்மும். கார்புரேட்டர் போய்விட்டது என்று ஒரு மெக்கானிக் இரண்டு தடவை கிட் மாற்றினார். மூன்றாவது தடவை கார்புரேட்டரையே மாற்றச் சொன்னபோதுதான் மாமா என்னைக் கேட்டார்: "ரோட்ல நல்லாத்தான் போவுது, நிறுத்துனாதான் ஆடுது. கார்புரேட்டர் கெட்டிருந்தா ரெண்டு இடத்துலயும் இல்ல கெட்டிருக்கணும், இன்னா சொல்ற?"

இந்தக் கேள்வியை விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டு போனால் பாதி ரிப்பேர் முடிந்த மாதிரி.

கார்புரேட்டர் பெட்ரோலை உள்ளே தள்ளுவதில்லை. இன்ஜினுக்குள் காற்று போகிற வழியில் ஓரிடத்தைக் குறுக்கி வைத்திருக்கிறார்கள். குறுகலில் காற்று வேகமெடுக்கும், வேகமெடுத்தால் அங்கே அழுத்தம் குறையும் (பெர்னூலி 1738-லேயே எழுதிவைத்த விதி). பக்கத்தில் சின்னத் தொட்டியில் நிற்கிற பெட்ரோலை வெளிக்காற்றின் அழுத்தம் அந்தக் குறுகலுக்குள் ஏற்றிவிடுகிறது. கொசுமருந்து அடிக்கும் பழைய கைப்பம்பு வேலை செய்கிற அதே விதம்தான். எவ்வளவு பெட்ரோல் ஏறலாம் என்பதை மெயின் ஜெட்டில் இருக்கும் ஊசித்துளை முடிவு செய்யும். எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் இருந்தால்தான் இன்ஜின் ஒழுங்காக ஓடும்.

சரி, வண்டி நிற்கும்போது? ஆக்சிலரேட்டரை மிதித்தால் காற்றுவழியைத் திறக்கும் திராட்டில் தகடு அப்போது கிட்டத்தட்ட மூடியிருக்கும். குறுகலில் காற்று மெதுவாக ஊர்வதால் மெயின் ஜெட்டிலிருந்து பெட்ரோல் ஏறாது. ஆனால் தகட்டுக்குக் கீழே பிஸ்டன்கள் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன, அதனால் அங்கே அழுத்தம் மிகவும் குறைந்துவிடும். நல்ல இன்ஜினில் உறிஞ்சலை அளக்கும் வாக்குவம் கேஜை மாட்டினால், ஐட்லிங்கில் (வண்டி நிற்க இன்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது) ஊசி 17-லிருந்து 21 பாதரச அங்குலத்துக்குள் நிற்கும். வெளியே இருக்கிற காற்றழுத்தமே சுமார் 30 அங்குலம்தான், அப்படியென்றால் உள்ளே பாதிக்கும் மேல் காலி. அந்த இடத்தில் ஒரு சின்னத் துளை வைத்து ஸ்லோ ஜெட் வழியாகப் பெட்ரோலை இழுக்கிறார்கள். ஆக ஒரே கார்புரேட்டருக்குள் இரண்டு தனித்தனிப் பாதைகள், ஒன்று கெட்டு மற்றது நன்றாக இருக்கலாம். மாமா கேட்டது நல்ல கேள்விதான், ஆனால் அதை வைத்து மட்டும் கார்புரேட்டரைக் குற்றமற்றது என்று விட்டுவிட முடியாது. ஸ்லோ ஜெட் அடைத்திருந்தாலும் இதே மாதிரிதான் ஆடும். அதைத்தான் இரண்டு தடவை கழற்றிச் சுத்தம் செய்தாகிவிட்டது.

மிச்சமிருப்பது காற்றுக் கசிவு. கிணற்றில் மோட்டார் ஓடியும் தண்ணீர் வராவிட்டால் நம் ஊரில் முதலில் சொல்வது "பைப்பு காத்து வாங்குது" என்றுதான், இங்கேயும் அதேதான். திராட்டிலுக்குக் கீழே எங்காவது ஓட்டை இருந்தால், கார்புரேட்டருக்குத் தெரியாமல் அதன் வழியாகக் காற்று உள்ளே போகும், அந்தக் காற்றுக்கு யாரும் பெட்ரோல் அளந்து கொடுக்கவில்லை. ஐட்லிங்கில் இன்ஜின் குடிக்கும் மொத்தக் காற்றே கொஞ்சம், உறிஞ்சும் பலமோ மிக அதிகம். அதனால் பேனா ரீஃபில் அளவு ஓட்டைகூட கலவையைக் கெடுத்துவிடும். ரோட்டில் போகும்போது திராட்டில் திறந்துவிடுகிறது, உறிஞ்சல் குறைகிறது, மொத்தக் காற்று பல மடங்காகிறது, ஓட்டை வழியாக வருவது அதில் கரைந்துபோகிறது. ஒரு டம்ளர் பாலில் ஒரு கரண்டி தண்ணீர் விட்டால் நாக்குக்குத் தெரியும், ஒரு கேன் பாலில் விட்டால் தெரியாது. அந்தத் தும்மலும் இதனால்தான். பெட்ரோல் குறைந்த கலவை மெதுவாக எரியும், அடுத்த சுற்றுக்கு, கலவையை உள்ளே விடும் இன்லெட் வால்வு திறக்கும்போது உள்ளே இன்னும் தீ மிச்சமிருந்தால் அது வந்த வழியே திரும்பும்.

ஆனால் கசிவைத் தேடுவதற்கு முன்னால் ஸ்பார்க்கைப் பார்த்தே ஆகவேண்டும், இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. மிஸ்ஸிங் (இன்ஜின் விட்டுவிட்டு ஓடுவது) என்றாலே கார்புரேட்டரைக் கழற்றுகிறோம், திருக அதில் ஸ்க்ரூ இருக்கிறது என்பதால். இந்த இன்ஜின் 600 சுற்றில் ஐட்லிங் ஓடும்போது விநாடிக்கு 20 ஸ்பார்க் வேண்டும், அத்தனையும் ஒரே ஒரு ஜோடி சிபி பாயின்ட் (கரண்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சுவிட்ச்) திறந்து மூடுவதால் வருகின்றன. பாயின்ட் இடைவெளி 0.020 அங்குலம், பிளக் இடைவெளி 0.030 அங்குலம். பாயின்ட்டோடு சேர்த்து மாட்டியிருக்கும் கண்டென்சர் பலவீனமானால் பாயின்ட்டிலேயே நெருப்பு பறந்து பிளக்குக்குப் போக வேண்டியது வீணாகும். ஸ்பார்க்கை நாலு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். புஷ் தேய்ந்து தண்டு ஆடினால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இடைவெளி ஒவ்வொரு மாதிரி இருக்கும், என்ன செட் செய்தாலும் நிற்காது.

அப்புறம் பிளக் வயரை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். ரப்பர் பிடி போட்ட இடுக்கியால் மட்டும் தொடுங்கள், அந்த வயரில் ஓடுவது பல ஆயிரம் வோல்ட். ஒரு வயரை எடுத்ததும் இன்ஜின் சத்தம் தளர்ந்தால் அந்த சிலிண்டர் வேலை செய்துகொண்டிருந்தது என்று அர்த்தம். எடுத்தும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் கோளாறு அந்த சிலிண்டரில்தான்: பிளக், வயர், அல்லது வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர், உதாரணமாக 2-ம் 3-ம், சேர்ந்து செத்திருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் கசியாமல் அடைக்கும் தகடு) போயிருக்கலாம். வால்வு விஷயத்தில் இந்த இன்ஜினுக்கு ஒரு விசேஷம் உண்டு. இன்லெட் வால்வு மேலே ஹெட்டில் இருக்கிறது, புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு பக்கவாட்டில் பிளாக்குக்குள் இருக்கிறது. மேலே உள்ள நாலு வால்வின் இடைவெளியையும் 0.018 அங்குலத்தில் செட் செய்துவிட்டு, பக்க மூடியைத் திறந்து கீழே உள்ள நாலையும் 0.016-ல் பார்க்க மறந்துவிடுவது சுலபம். மறந்தால் எக்ஸாஸ்ட் வால்வு சரியாக உட்காராமல் கருகும்.

எங்கள் வண்டியில் நாலு வயரை எடுத்தபோதும் ஒரே மாதிரி தளர்ந்தது. அதாவது ஒரு சிலிண்டரின் நோய் இல்லை, நாலுக்கும் பொதுவான இடத்தில் கோளாறு. பாயின்ட்டும் கண்டென்சரும் நன்றாகவே இருந்தன.

செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டிலை எடுத்து, இன்ஜினை ஓடவிட்டு, சந்தேகப்பட்ட இடங்களில் மெல்லிய தூறலாக அடித்தோம். கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயால் செய்கிறவர்கள் உண்டு, சூடான எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் எனக்கு அதில் இஷ்டமில்லை, தண்ணீரே போதும். ஓட்டை இருக்கும் இடத்தில் தண்ணீர் பட்டதும் ஒரு கணம் அது மூடிக்கொள்ளும், இன்ஜின் சத்தம் மாறும். இந்த இன்ஜினில் கலவையை சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் இன்லெட் மேனிஃபோல்ட் ஹெட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருப்பதால் தேட வேண்டிய இடங்கள் குறைவு. கார்புரேட்டர் அடி கேஸ்கெட்டில் அடித்தோம், மாற்றமில்லை. திராட்டில் தண்டின் இரண்டு முனையிலும் மாற்றமில்லை. பின்பக்கம் கண்ணில் படாத ஒரு குட்டிக் குழாய் மேல் தூறல் பட்டதும் நடுக்கம் நின்றது, இரண்டு விநாடி கழித்து மறுபடி வந்தது. எத்தனையோ வருடத்துக்கு முன் இன்ஜின் உறிஞ்சலால் ஓடும் வாக்குவம் வைப்பரை எடுத்துவிட்டு மின்சார வைப்பர் போட்டபோது அந்தக் குழாய் வாயை ஒரு ரப்பர் மூடியால் அடைத்திருக்கிறார்கள். அது சூட்டில் காய்ந்து வெடித்திருந்தது. புது மூடி போட்டு கிளிப் மாட்டினோம், 13-ல் ஆடிக்கொண்டிருந்த கேஜ் ஊசி 18-க்கு ஏறி நின்றது.

இரண்டு வாரம் நிம்மதி. அக்னி நட்சத்திரத்தில், தேங்காய் லோடோடு மேட்டில் ஏறும்போது வண்டி ஜெர்க் அடித்தது. இப்போது கணக்கு தலைகீழ்: ஐட்லிங் நன்றாக இருக்கிறது, இழுக்கச் சொன்னால் திணறுகிறது. பெட்ரோல் அதிகம் தேவைப்படும்போது வந்து சேரவில்லை என்று பொருள். டேங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப்பின் வெளிக்குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினோம் (இக்னிஷன் காயில் வயரை முதலில் எடுத்துவிட வேண்டும், ஸ்பார்க் வரக்கூடாது). பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டு வந்தது, கூடவே நுரை நுரையாகக் காற்றும். டேங்கிலிருந்து பம்ப்புக்கு வரும் பழைய ரப்பர் ஹோஸ் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. மறுபடியும் காத்து வாங்குகிற பைப்புதான்.

இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது, பழைய காலத்து ரப்பர் அதில் ஊறினால் கெட்டுப்போகும். எத்தனால் தாங்கும் ஹோஸும், பம்ப்புக்குள் அசைந்து பெட்ரோலைத் தள்ளும் ரப்பர் தகடான டயாஃப்ரமும் அதே மாதிரி போடுவது நல்லது. இன்னொன்றும் உண்டு. எத்தனால் எரிய ஒன்றுக்கு 9 பங்கு காற்று போதும், அதனால் 20 சதவீதக் கலவைக்குக் கணக்கு 14.7-லிருந்து சுமார் 13.5-க்கு இறங்குகிறது. ஜெட் துளை பழையதே என்பதால் வண்டிக்குப் பெட்ரோல் எப்போதும் கொஞ்சம் குறைவாகவே கிடைக்கும். ஏலகிரியில் நடப்பது இதற்கு நேர் எதிர், 14 வளைவு ஏறி மேலே போனால் காற்று பத்து சதவீதம் போல மெலிந்து, பெட்ரோல் கூடி, கரும்புகை வரும். அங்கே கேஜும் ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் வீதம் குறைத்துக் காட்டும், அதைப் பார்த்துப் பயந்து எதையும் திருக வேண்டாம்.

ஹோஸை மாற்றிவிட்டு, கேஜைப் பார்த்துக்கொண்டே ஐட்லிங் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாகப் பெட்ரோல் கூடும் பக்கம் திருப்பினோம். ஊசி 19-ஐத் தொட்டு அசையாமல் நின்றது. அடுத்த செவ்வாய் பொய்கைச் சந்தை வாசலில், உச்சி வெயிலில், இரண்டு கன்றுக்குட்டிகளோடு அரை மணி நேரம் வரிசையில் நின்றோம். மாமா ஆக்சிலரேட்டரில் கால் வைக்கவே இல்லை.