அட் ஹாமினம்: வசவுக்கு வைத்த பெயர் அல்ல

"முட்டாளே, திரும்பப் பெருக்கிப் பார். 15-ஐ 12-ஆல் பெருக்கினால் 180. நீ 170 என்று எழுதியிருக்கிறாய்."

சொன்ன ஆளைக் காட்டி அவர் சொன்னதைத் தள்ளும் வாதப் பிழைக்கு ‘அட் ஹாமினம்’ என்று பெயர். மேலே உள்ளதுபோல் யாராவது சொன்னால், ‘இது அட் ஹாமினம்’ என்று ஒரு வரி மறுமொழி போட்டுவிட்டு, ஜெயித்த தோரணையில் கிளம்புகிறவர்கள் இணையத்தில் ஏராளம். வசவு இருக்கிறது, வாஸ்தவம்தான். ஆனால் 180-க்குக் காரணமாக அது வரவில்லை. எடுத்துவிட்டாலும் கணக்கு நிற்கும். ‘நீ முட்டாள், அதனால் 170 தப்பு’ என்றிருந்தால்தான் குற்றச்சாட்டு பொருந்தும்.

லத்தீனில் ‘அட்’ என்றால் நோக்கி, ‘ஹாமினம்’ மனிதனை. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் இதை விளக்கியபோது வசவுப் பேச்சே இல்லை. எதிராளி ஏற்கெனவே ஒப்புக்கொண்டதை வைத்தே அவரை மடக்குவதைத்தான் அவர் இப்படிச் சொன்னார். வாய் அடைபடும், உண்மை விளங்காது என்பதே அவருடைய குறை. ஆளைக் காட்டி அவர் சொல்லைத் தள்ளுவது என்ற பொருள் பிற்பாடு நிலைத்தது.

தமிழில் ‘தனிநபர் தாக்குதல்’ என்று பெயர்த்ததுதான் வினை என்பேன். அந்தச் சொல்லைக் கேட்டால் திட்டு மட்டுமே நினைவுக்கு வரும். திட்டே இல்லாமலும் இந்தப் பிழை நேரும்: "நீங்க செக்கு வச்சிருக்கீங்க. செக்கு எண்ணெய் நல்லதுன்னுதானே சொல்வீங்க?" மரியாதையான பேச்சுதான். அவர் சொல்வதைச் சற்றுச் சந்தேகத்தோடு கேட்கலாம், அது நியாயம். அதோடு எண்ணெய் கெட்டது என்று முடிவுகட்டினால்தான் பிழை.

இப்படிப் பிழையான வாதத்துக்கு நம்மிடம் பழைய சொல் உண்டு: போலி. மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று பிரிக்கிறார். நிறுவ வந்த கூற்று பக்கம், அதற்கான காரணம் ஏது, எடுத்துக்காட்டு திட்டாந்தம். ஓட்டை எந்த உறுப்பில் என்பது பெயரிலேயே இருக்கிறது. ‘போலி’ என்று மட்டும் கத்திவிட்டுப் போக முடியாது. ஓட்டையைக் காட்டினாலும் விழுவது அந்த வாதம்தான். தப்பான காரணம் சொல்லி ஒருவர் சரியான முடிவுக்கு வந்திருக்கலாம்.

என் பரிந்துரை ‘ஆள்காட்டிப் போலி’. பொருளை விட்டு ஆளை நோக்கி விரல் நீளுவது அதில் தெரிகிறது. ஆள் தலை தெரிந்தாலே கத்தித் தீர்க்கும் ஆள்காட்டிக் குருவியும் ஞாபகத்துக்கு வந்தால், வரட்டுமே.