தரகரின் பதிவு எண் எதுவரை செல்லும்?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துச் சொத்துப் பத்திரங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் வழக்கறிஞன் என்ற முறையில், "தரகர் ரெராவில் பதிந்தவர், பயமில்லை" என்ற பேச்சை இப்போது அடிக்கடி கேட்கிறேன். ரெரா என்பது மனை, வீட்டு விற்பனைத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ரியல் எஸ்டேட் சட்டம். பதிவு நல்லதுதான், ஆனால் அது எந்தச் சொத்துக்குப் பொருந்தும் என்று கேட்பவர்கள் குறைவு.

2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டத்துக்கு முன்பு, தமிழ்நாட்டில் பத்திரம் எழுதுபவருக்குக்கூட 1982-ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் வேண்டியிருக்க, அந்தப் பத்திரத்துக்கே வழிவகுக்கும் தரகருக்கு அப்படி எதுவும் தேவைப்படாதது விசித்திரம்தான். அந்நிலையை மாற்றிய 9, 10-ஆம் பிரிவுகள் 2017 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தன. தமிழ்நாட்டு விதிகள் அடுத்த மாதமே வெளிவந்தன. 500 சதுர மீட்டருக்கு, அதாவது பன்னிரண்டு சென்டுக்குச் சற்று மேற்பட்ட நிலத்தில் போடப்படும் மனைப்பிரிவைப் பொதுவாக இச்சட்டப்படி அமைந்த ஒழுங்குமுறைக் குழுமத்தில் பதிய வேண்டும். அதில் மனை விற்றுக் கொடுக்கும் தரகரும் தனியே பதிந்து, தம் எண்ணை ஒவ்வொரு விற்பனையிலும் குறிப்பிட வேண்டும். பதியாத திட்டத்தின் மனையை அவர் விற்றுக்கொடுக்கக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்து மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம் உண்டு. மகாராஷ்டிரம் 2023-இல் தரகர்களுக்குப் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயமாக்கியது. இங்கும் அது வந்தால் நான் வரவேற்பேன்.

காரைக்குடி மாநகராட்சியான பின் புறவழிச்சாலை ஓரங்களில் மனை பார்ப்பவர்கள், தரகர் எண், திட்ட எண் இரண்டையும் குழுமத்தின் இணையதளத்தில் ஒப்பிட்டுப் பார்த்தாலே பெரும்பாலான சிக்கல்கள் தெரிந்துவிடும். விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க மனைப்பிரிவு போடுபவருக்கு அதிகாரம் இல்லை.

கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ பழைய வீடு வாங்குகிறவர் நிலை வேறு. சட்டம் தரகர் என்று வரையறுப்பது ரியல் எஸ்டேட் திட்டத்திலுள்ள சொத்தைக் கைமாற்ற உதவுபவரையே. தாத்தா கட்டிய வீடு எந்தத் திட்டத்திலும் சேராது என்பதால், அதே தரகர் அதே எண்ணைக் காட்டினாலும் அந்த விற்பனையில் இச்சட்டம் துணைக்கு வராது. நம் ஊர்ப் பெரிய வீடுகளில் ஆபத்து மிகுதியும் இங்கேதான் இருக்கிறது, ஏனெனில் வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் மூன்று, நான்கு தலைமுறைப் பங்காளிகளுக்குப் பாத்தியப்பட்டவை. ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில், இன்னொருவரின் வாரிசுகள் எங்கே என்றே தெரியாத நிலையில், "எல்லோரும் சம்மதம்தான்" என்ற தரகரின் வாய்ச்சொல்லை நம்பி முன்பணம் கைமாறிவிடுகிறது.

ஆகவே பழைய வீடானால் முதலில் கேட்க வேண்டியது வம்சாவளியும் வாரிசுச் சான்றுகளும்தான். பதிவு செய்யாத குடும்பப் பாகப்பிரிவினை வில்லங்கச் சான்றில் தெரியாது. வெளிநாட்டில் எழுதிய பவர் பத்திரம், அங்கே நோட்டரி அல்லது இந்தியத் தூதரக அதிகாரி முன் கையெழுத்தானதா, இந்தியா வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட்டதா என்று பார்க்க வேண்டும். முன்பணத்தைத் தரகர் கையில் கொடுக்காமல், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் ஒவ்வொரு பங்காளியின் வங்கிக் கணக்குக்கும் அவரவர் பங்குக்கு ஏற்ப அனுப்புங்கள். தரகு எவ்வளவு என்று ரெரா சட்டம் வரையறுக்காததால், அதையும் கிரயம் பதிவான பிறகே தருவதாக எழுத்தில் பேசிக்கொள்வது நல்லது.