தலை விழுந்தால் இன்னொரு வருஷம்

"கோயில் கோயிலாகச் சுற்றியதால்தான் அந்த ஜப்பான் பாட்டி 116 வயது இருந்தாரா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

அவர் சொல்வது டோமிகோ இடூகாவை. 1908இல் ஒசாகாவில் பிறந்தவர், 2024 டிசம்பரில் காலமானார். 80 வயதுக்கு மேல், மேற்கு ஜப்பானில் கருணையின் போதிசத்துவரான கன்னோனுக்கு உள்ள 33 கோயில்களுக்கும் பௌத்த யாத்திரை போய்வந்தவர். நூறு வயதில் கோயில் படிகளைக் கைத்தடி இல்லாமல் ஏறியிருக்கிறார். நடந்தது உடம்புக்கு நல்லதுதான். ஆனால் அதே 33 கோயில்களைச் சுற்றிவிட்டு 80இலும் 90இலும் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களை யார் பேட்டி எடுத்தார்கள்?

30 வயதுக்குப் பிறகு, அந்தந்த வருஷத்துக்குள் இறந்துபோகும் வாய்ப்பு சுமார் 8 வருஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். கூட்டு வட்டி மாதிரி. 1825இலேயே ஆங்கிலேயக் கணித அறிஞர் பெஞ்சமின் கோம்பர்ட்ஸ் கண்டுசொன்னது இது. சரி, வட்டி ஏறிக்கொண்டேவா போகும்? 105 வயதைத் தாண்டிய சுமார் 3,800 இத்தாலியர்களின் பதிவுகளை அலசி 2018இல் வந்த ஆய்வு, அந்த வயதுக்குமேல் ஏற்றம் நின்றுவிடுகிறது என்றது. அப்புறம் வருஷத்துக்கு ஒரு பூவா தலையாதான். ஏறக்குறைய பாதிக்குப் பாதி.

110ஐ எட்டிய 64 பேரை ஒரு கூடத்தில் உட்காரவைத்து, ஆளுக்கொரு காசு கொடுத்து, வருஷத்துக்கு ஒருமுறை சுண்டச் சொல்லுங்கள். பூ விழுந்தவர் எழுந்து போய்விட வேண்டும். முதல் சுண்டலில் 32 பேர் மிஞ்சுவார்கள். பிறகு 16, 8, 4, 2. ஆறாவது சுண்டலில் ஒரே ஒருவர். அவருக்கு வயது 116. அவர் முன்னால் மைக்கை நீட்டி, "உங்கள் ரகசியம் என்ன?" என்று கேட்கிறோம். பாவம், அவரும் ஏதோ ஒரு பழத்தின் பெயரைச் சொல்லிவைக்கிறார்.

ஜப்பானின் வகாசா கடற்கரையில் ஒபாமா என்றொரு ஊர். கடற்கன்னியின் இறைச்சியைத் தின்றுவிட்டு மூப்பே வராமல் 800 வயது வாழ்ந்த பிக்குணியின் கதை அங்கே பிரபலம். கட்டிய கணவர்களையெல்லாம் பறிகொடுத்து, தலையை மழித்துக்கொண்டு, கடைசியில் கூயின்ஜி கோயில் குகைக்குள் போய்விட்டாளாம். நம் கணக்குப்படி, 110க்குப் பிறகு அவளுக்கு 690 முறை தொடர்ந்து தலை விழுந்திருக்க வேண்டும். இப்படி நடக்கும் வாய்ப்பு ஒன்றின் கீழ் 208 இலக்க எண். கடற்கன்னியைப் பிடிப்பது இதைவிடச் சுலபம்.

சரி, 105க்குமேல் இறக்கும் வாய்ப்பின் ஏற்றம் ஏன் நிற்கிறது? நோஞ்சான்கள் முன்பே போய்விட, திடமானவர்கள் மட்டும் மிஞ்சுவதால் என்பது ஒரு விளக்கம். ஏற்றம் நிற்கவே இல்லை, தப்பாகப் பதிந்த வயதுகளால் அப்படித் தெரிகிறது என்று மறுப்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், இளமை மாத்திரைக்குக் கொட்டும் பணத்தில் கொஞ்சத்தைப் பழைய பதிவேடுகளைச் சரிபார்க்க ஒதுக்கலாம் என்பேன். பதிவேட்டுக்குப் பேர்போன ஜப்பானிலேயே 2010இல் தேடிப்பார்த்தபோது, நூறு தாண்டியவர்களாகக் குறித்திருந்த 2 லட்சத்து 30 ஆயிரம் பேருக்கு மேல் எங்கே என்றே தெரியவில்லை. பலர் போரில் மாண்டவர்கள், கடல் கடந்து போனவர்கள். நாகசாகியில் 1810இல் பிறந்த ஒருவர், ஏட்டில் 200 வயதோடு இன்னும் உயிருடன் இருந்தார்.