20,199-ல் 18

கம்பூசியா என்பது பல இனங்கள் கொண்ட சின்ன மீன் வகை. வலையில் சிக்கும் கம்பூசியா மீன்களில் எது எந்த இனம் என்று சொல்வது லேசான வேலை இல்லை. ஆண் மீனுக்கு வயிற்றுக்குப் பின்னால் உள்ள துடுப்பு குச்சி மாதிரி நீண்டிருக்கும். குட்டி போடும் மீன் என்பதால் அதுதான் இனச்சேர்க்கை உறுப்பு. அதன் நுனியில் இருக்கும் பொடிக் கொக்கிகளின் அமைப்பு இனத்துக்கு இனம் மாறும். டெக்சாஸின் சான் மார்கோஸ் ஆற்றில் 1978, 1979 ஆண்டுகளில் 20,199 கம்பூசியாக்களைப் பிடித்துப் பார்த்தார்கள். தேடிப்போன சான் மார்கோஸ் கம்பூசியா அவற்றில் 18 தான்.

அந்த மீன் 4 சென்டிமீட்டர் வரை இருக்கும். துடுப்புகளில் எலுமிச்சை மஞ்சள். ஊற்று நீரால் ஆண்டு முழுக்க ஏறக்குறைய 23 டிகிரியிலேயே இருக்கும் அந்த ஆற்றில், செடி மண்டாத சேற்று ஓரங்கள்தான் அதற்கு வீடு. உலகில் வேறெங்கும் அது இல்லை. கரையில் பரவிய சேம்பும் அந்த ஓரங்களை மாற்றியிருக்கலாம் என்கிறார்கள். ஆம், நாம் கிழங்குக்காக வளர்க்கும் அதே சேம்பு, அங்கே அந்நியச் செடி.

அதே ஆற்றில் கொசுப்புழு தின்னும் சாதாரணக் கம்பூசியாவும் உண்டு. நம் ஊர்க் கிணறுகளில் விடுகிறார்களே, அந்த வகை. இரண்டும் கலந்து குட்டி போடுவது பழைய சங்கதி. எண்ணிக்கை போதுமான அளவு இருந்தவரை அதனால் பெரிய பாதிப்பு இல்லை, தன் இனத்திலேயே துணை கிடைத்துவிடும். ஆயிரத்தில் ஒன்று என்று குறைந்த பிறகோ, சுற்றி இருப்பதெல்லாம் மற்ற இனம்தான். அதோடு சேர்ந்தால் பிறப்பது கலப்பினக் குட்டி. அந்தக் குட்டிகள் வளர்ந்து உணவுக்கும் இடத்துக்கும் தாய் இனத்தோடே போட்டி போடும். குறையக் குறைய கலப்பு கூடும், கலப்பு கூடக் கூட இனம் இன்னும் குறையும். எனக்கு இதில் மிகவும் வலிப்பது, யாரும் அந்த மீனைக் கொல்லவே வேண்டியதில்லை என்பதுதான்.

காப்பாற்றப் பார்த்தார்கள். 1979-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத் தொட்டிகளில் வளர்த்தார்கள். அங்கேயும் வேறு கம்பூசியா புகுந்து கலந்துவிட்டது. சரி, மறுபடி ஆற்றிலிருந்து பிடித்து வரலாம் என்று போனால் போதுமான மீன் இல்லை. 1983-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. 2023-ல் அமெரிக்க அரசு அற்றுப்போனதாக அறிவித்து, அருகிவரும் உயிரினங்களின் பட்டியலிலிருந்து நீக்கியது.

நடுவில் 1990-ல் ஒரு பெரிய தேடல் நடந்தது. ஊற்றுத் தலையிலிருந்து கீழே வரை அலசி, 15,450-க்கும் மேற்பட்ட மீன்களைப் பார்த்தார்கள். தூய இனத்து மீன் ஒன்றுகூட இல்லை. ஒரே ஒரு மீனிடம் மட்டும் பழைய கலப்பின் சாயல் இருக்கலாம் என்று பட்டது. நிறம் ஏறாத, முதிராத மீன் அது.