ஒருமுறை எழுதும் சிடி, அழித்தெழுதும் சிடி

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அப்பச்சியின் அறுபதாம் கல்யாணப் படங்கள் இரண்டு சிடியில் இருக்கின்றன. ஒன்றில் ஆர், இன்னொன்றில் ஆர்டபிள்யூ என்று போட்டிருக்கிறது. இரண்டாவதை மட்டும் கணினி அழித்துத் தருகிறதே, ஏன்?"

இரண்டையும் புரட்டிப் பாருங்கள். ஆர், அதாவது ஒருமுறை மட்டும் எழுதும் தட்டின் அடிப்பக்கம் பச்சையோ நீலமோ கலந்து மின்னும். அது சாயம். எழுதும்போது லேசர் அதைச் சூடாக்கிச் சிதைக்கிறது. சிதைந்த இடம் ஒளியைச் சரியாகத் திருப்பி அனுப்பாது; இப்படி மங்கலும் பளபளப்பும் மாறி மாறி வருவதைத்தான் கணினி படமாகப் படிக்கிறது. சிதைந்த சாயம் பழையபடி ஆகாது. அவ்வளவுதான். வெயிலில் போட்டால் மிச்சச் சாயமும் கெடும்.

ஆர்டபிள்யூ, அதாவது அழித்தெழுதும் தட்டு கருஞ்சாம்பல் நிறம். உள்ளே வெள்ளி, இண்டியம், ஆன்டிமனி, டெல்லூரியம் கலந்த மெல்லிய உலோகப் படலம். இங்கேதான் வேடிக்கை. எழுதுவதும் லேசர், அழிப்பதும் அதே லேசர்! வலுவான துடிப்பு பட்டால், மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள ஒரு புள்ளி 500 டிகிரி செல்சியசுக்கு மேல் போய் உருகும். லேசர் விலகியதும் நொடியின் கோடியில் சில பங்குக்குள் குளிர்ந்துவிடும். அணுக்களுக்கு வரிசையில் நிற்க நேரமில்லை, கலைந்த கோலத்திலேயே உறைகின்றன. அந்த இடம் மங்கல். அழிக்கும்போது லேசர் மிதமாகச் சுடும்: உருகாது, ஆனால் 200 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் அணுக்கள் நகர்ந்து படிகமாக அணிவகுத்துக்கொள்ளும், மறுபடி பளபளப்பு. மனகோலத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர்களுக்கு இது புதிதல்ல: சட்டென ஆறிய பாகு கண்ணாடி, நிதானமாக ஆறியது பூத்துப்போகும்.

இப்படி நிலைமாறும் பொருள்களைப் பற்றி, கல்லூரி வாசல் மிதிக்காத அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ஸ்டான்ஃபோர்ட் ஓவ்ஷின்ஸ்கி 1968இல் ஆய்வுக்கட்டுரை எழுதினார். சிடி-ஆர்டபிள்யூ கடைக்கு வந்தது 1997இல். நடுவில் ஏறக்குறைய முப்பது வருடம் ஆய்வுக்கு யாரோ காசு கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். நம் பக்கத்துக்கு இது தெரியாததா? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் தந்ததால்தான் காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வகம் வந்தது. கும்பாபிஷேகத்துக்குச் சேரும் பணத்தில் ஒரு துளி இன்றும் அந்தப் பக்கம் போகலாம் என்பது என் கட்சி.

சரி, எத்தனை முறை அழிக்கலாம்? சுமார் 1000 முறை; உருகி உருகிப் படலம் தளர்ந்துவிடும். இன்னொரு குறையும் உண்டு. ஆர் தட்டு ஒளியில் 65 சதவீதத்துக்கு மேல் திருப்பித் தரும். ஆர்டபிள்யூ தருவது 15 முதல் 25 தான். பழைய சிடி பிளேயர்கள் பல அதைத் தட்டாகவே மதிக்காமல் வெளியே தள்ளுவது இதனால்தான்.