மேனேஜர்: மேலாளரா, பயிற்சியாளரா?

கால்பந்துச் செய்திகளில் 'மேனேஜர்' என்பதைப் 'பயிற்சியாளர்' என்று எழுதுவது பெருவழக்காகிவிட்டது. இவ்வழக்கில் ஓர் அதிகாரமே காணாமற்போகிறது: எந்த வீரரை வாங்குவது, எவரை விற்பது என்று முடிவு செய்யும் அதிகாரம்.

'கை' எனப் பொருள்படும் 'மானுஸ்' என்ற இலத்தீன் சொல்லே 'மேனேஜர்' என்பதன் வேர். குதிரையைப் பழக்கிச் செலுத்துவதைக் குறித்த 'மனெஜ்ஜாரே' என்னும் இத்தாலியச் சொல் அதிலிருந்து பிறந்து, 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் ஏறியது. தமிழின் 'கையாளுதல்' இதற்கு நேர்நிகர்; ஆனால் அவ்வழியே 'கையாள்' என்று ஆக்கினால், பிறர் ஏவலுக்கு இயங்குபவர் என்று பொருள் தலைகீழாகிவிடும். பயிற்சியாளரைக் குறிக்கும் 'கோச்' வேறு குடும்பம். ஹங்கேரியில் கோச் என்னும் ஊரில் செய்யப்பட்ட வண்டியின் பெயர், தேர்வில் மாணவரைக் கரைசேர்க்கும் ஆசிரியருக்கு ஆங்கிலப் பல்கலைக்கழகப் பேச்சில் வழங்கிப் பின்னர் விளையாட்டுக்கு வந்தது. ஏறியவரைக் கொண்டுசேர்ப்பதே வண்டியின் வேலை. யாரை ஏற்றுவது என்பது அதன் முடிவன்று.

இங்கிலாந்திலும் வீரரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் மேனேஜருக்கு எளிதில் வாய்க்கவில்லை. தேசிய அணியைக் குழுவொன்றே தேர்ந்தெடுத்துவந்த நிலையில், அவ்வுரிமை தமக்கே வேண்டும் என்று கேட்டுப் பெற்றவர் 1963இல் முழுநேரப் பொறுப்பேற்ற ஆல்ஃப் ராம்சி. ஐரோப்பாவின் பிற நாடுகளிலோ வீரர் கொள்முதல் பெரும்பாலும் விளையாட்டு இயக்குநரிடம் இருக்கும்.

மேனேஜர் முடிவு செய்வது, இயக்குநர் முடிவு செய்வது என்னும் இவ்விரு முறைகளும் 2008இல் இங்கிலாந்தின் நியூகாசில் கழகத்தில் மோதின. மேனேஜர் கெவின் கீகனின் விருப்பத்துக்கு மாறாக இக்னாசியோ கொன்சாலஸ் என்ற வீரர் வேறு கழகத்திலிருந்து கடன்முறையில் எடுக்கப்பட்டார். அவர் எப்படி ஆடுவார் என்று யூடியூபில் பார்த்துக்கொள்ளும்படி கீகனிடம் சொல்லப்பட்டது. கீகன் விலகி, இழப்பீடு கேட்டு வழக்காடினார். அவரது ஒப்பந்தம் மேனேஜருக்கு வழக்கமாக உரிய கடமைகளையே குறித்திருந்தது. ஆகவே வழக்கு ஒருவகையில் சொற்பொருள் வழக்கே. வீரர் சேர்ப்பில் இறுதிச் சொல் அவருடையதே என்று 2009இல் தீர்ப்பாயம் கண்டு, கழகம் அவருக்கு 20 இலட்சம் பவுண்டு வழங்கச் சொன்னது. (பயிற்சியாளர்கள் அடிக்கடி மாறும் இக்காலத்தில் நெடுங்கால ஒப்பந்தங்களை இயக்குநர் முடிவு செய்வதே நன்று என்பது என் கருத்து, எனினும் 'இவர் வேண்டாம்' என்னும் உரிமையேனும் களத்தில் நிற்பவருக்கு இருத்தல் வேண்டும்.)

ஆதலால் மேனேஜரை 'மேலாளர்' என்றும், ஹெட் கோச்சைத் 'தலைமைப் பயிற்சியாளர்' என்றும் பிரித்தெழுதுவதே முறை. 'மேலாளர்' என்றால் வங்கி நினைவு வருகிறது என்பார் உளர். வரட்டும், வங்கி மேலாளரும் பணம் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவர்தாம். 2020 செப்டம்பரில் ஆர்சனல் கழகம் மிகெல் ஆர்டெட்டாவைத் தலைமைப் பயிற்சியாளர் நிலையிலிருந்து மேலாளராக உயர்த்தியது. இரண்டையும் பயிற்சியாளர் என்றே எழுதுபவருக்கு, அன்று எழுத ஒரு செய்தியும் இல்லை.