10,000 என்றால், எத்தனையில் 10,000?

சென்ற வாரம் தரமணியில் ஒரு தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்து இன்னொரு பணி நியமனக் கடிதத்தைப் படித்தேன். இந்த ஆண்டில் இது நான்காவது. ஆலோசனை கேட்டு அதைக் கொண்டுவந்த பெண், ஓஎம்ஆரில் பெரிய மென்பொருள் நிறுவனத்து வேலையை விட்டுவிட்டு, எட்டே பேர் இருந்த ஸ்டார்ட்அப் ஒன்றில், செயலித் திரைகளை வடிவமைக்கும் முதல் டிசைனராகச் சேர்ந்தவர். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டு போனார். பதினோராவது மாதம் ஆட்குறைப்பு.

"10,000 ஈசாப் கொடுத்திருக்கிறார்கள் சார். அது எனக்கு வந்துவிடும்தானே?"

வராது. ஈசாப் (ஊழியர் பின்னாளில் நிறுவனப் பங்கை வாங்கும் உரிமை) பற்றி அவர் கடிதத்திலேயே இருக்கிறது: நான்கு ஆண்டுகளில் வெஸ்டிங், அதாவது அந்த உரிமை தவணை தவணையாகக் கைக்கு வருவது; முதல் தவணை ஓராண்டு முடிந்த பிறகு. அந்த ஓராண்டு நிறுவனர் மனம்போன போக்கில் எழுதியதும் அல்ல; ஈசாப் கொடுத்த நாளுக்கும் வெஸ்டிங்குக்கும் இடையே குறைந்தது ஓராண்டு வேண்டும் என்பது 2014ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்ட விதி. பதினொன்றாம் மாதம் வெளியே வந்தால் பூஜ்யம்.

ஈசாப் என்பது பங்கு அல்ல. எத்தனை முறை சொன்னாலும் மறுபடி "என்னிடம் பங்கு இருக்கிறது" என்றுதான் வருகிறார்கள். பின்னாளில், குறித்த விலைக்குப் பங்கை வாங்கிக்கொள்ளலாம் என்ற உரிமை மட்டுமே அது. வாங்கப் பணம் உங்கள் கையிலிருந்துதான் போகவேண்டும். வாங்கும் நாளில் பங்கின் மதிப்பு நீங்கள் கொடுத்த விலையைவிடக் கூடுதலாக இருந்தால், அந்த வித்தியாசம் சம்பள வருமானமாகக் கணக்கிடப்பட்டு வரி விதிக்கப்படும். விற்க ஆள் இல்லாத பங்குக்கும் வரி! வேலையை விட்டபின் வாங்குவதற்கு எத்தனை நாள் அவகாசம் என்பதும் திட்டத்துக்குத் திட்டம் மாறும். 10,000 என்றதும் "எத்தனையில்?" என்று கேட்க ஏன் யாருக்கும் வாய் வருவதில்லை? மொத்தப் பங்குகள் 10 லட்சம் என்றால் அது 1 சதவீதம்; 10 கோடி என்றால் 0.01 சதவீதம். தாம்பரத்துக்கு அப்பால் அரை கிரவுண்டு மனை வாங்கப் போனாலும் வில்லங்கச் சான்றிதழ் கேட்கிற ஊர் இது.

சரி, பணம் போகட்டும். வேலையைக் காட்டுங்கள் என்றேன். கைப்பேசியில், திரைகளை வடிவமைக்கும் செயலியான ஃபிக்மாவைத் திறந்தார். அலுவலக மின்னஞ்சலில் இருந்த கணக்கு, பூட்டியாகிவிட்டது. செய்த வேலைகளைத் தொகுத்துக் காட்டும் போர்ட்ஃபோலியோவில் இருந்தவை, பிரபலமான உணவு விநியோகச் செயலியை அவராகக் கற்பனையில் மாற்றி வரைந்த ஆறு அழகான திரைகள். மாதத்துக்குப் பத்துப் போர்ட்ஃபோலியோவாவது பார்க்கிறேன், பாதிக்கு மேல் இதே செயலிதான்.

பேச்சுவாக்கில் வேறொன்று வந்தது. மளிகைக் கடைகளுக்கான கடன் கணக்குத் திரையைச் செய்தபோது, சைதாப்பேட்டையில் ஒரு கடையில் இரண்டு மாலைகள் நின்று பார்த்திருக்கிறார். கடைக்காரர் கையெல்லாம் எண்ணெய். திரையைத் தொடாமல், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அட்டையில் பெயரும் தொகையும் மட்டும் கிறுக்கிவைத்துவிட்டு, கடை சாத்தியபின் செயலியில் ஏற்றியிருக்கிறார். இவர் திரும்பிவந்து, ஐந்து கட்டங்களில் மூன்றை நீக்கச் சொல்லி நிறுவனரோடு ஒரு வாரம் சண்டை போட்டு ஜெயித்திருக்கிறார்.

"இது போர்ட்ஃபோலியோவில் எங்கே?"

"அது அன்றாட வேலைதானே சார்."

எனக்கு வந்த கோபத்தில் தேநீர் ஆறிவிட்டது. ஆளெடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவன் சொல்கிறேன்: நாங்கள் தேடுவது அந்தப் பென்சிலைத்தான்.

அதனால் வெள்ளிக்கிழமைதோறும் பத்து வரி எழுதிவையுங்கள். என்ன சிக்கல், எதை முயன்றீர்கள், எதைக் கைவிட்டீர்கள், ஏன். வாடிக்கையாளர் விவரமும் நிறுவன ரகசியமும் அதில் வேண்டாம். மூலக் கோப்புகளை வீட்டுக்குக் கடத்தவும் வேண்டாம். வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, ஊழியர் வேலைக்காகச் செய்த படைப்புக்கு முதல் உரிமையாளர் நிறுவனம்தான் என்கிறது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். எதைக் காட்டலாம் என்று வேலையில் இருக்கும்போதே மின்னஞ்சலில் அனுமதி வாங்குங்கள்.

சேருமுன் நிறுவனரிடம் கேளுங்கள்: கையிலுள்ள பணம் எத்தனை மாதம் தாங்கும்? கடைசியாக எப்போது ஒரு பயனரோடு பேசினீர்கள்? முகம் சுளித்தால் அதுவே பதில். "ஆராய்ச்சிக்கு நேரமில்லை" என்றால், ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு எளிமை ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டிலேயே எழுதியதைச் சொல்லுங்கள். சம்பளத்துக்குப் பதில் "ஆலோசகர்" ஒப்பந்தம் நீட்டினால், பி.எஃப். கிடையாது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். முதல் டிசைனர் என்றால் திருத்த ஆளில்லாத டிசைனர் என்றும் பொருள். வெளியே ஒரு மூத்தவரைப் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண் அன்று மாலையே பழைய நிறுவனருக்கு எழுதினார். பெயரை மறைத்து இரண்டு திரைகளைக் காட்டிக்கொள்ளலாம் என்று பதில் வந்திருக்கிறது. மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கடிதத்தை எனக்குத் தாராளமாக அனுப்புங்கள், தரமணி வரை வருகிறேன். ஆனால் தயவுசெய்து, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அனுப்புங்கள்.